நாயோடு ஒரு நாள் மலைநடை: செட்டிநாட்டுக் குடும்பத்துக்கு பிரான்மலையா, நார்த்தாமலையா, சிறுமலையா?

செட்டிநாட்டுக்குள் மலை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. குன்றக்குடி இருக்கிறது. ஆனால் அது முழுக்கக் கோயில் குன்று, நாய்க்கு அங்கே வேலை இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து விடிகாலையில் கிளம்பி, மலை ஏறி இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும். கூடவே நாயும் வர வேண்டும் என்றால் கணக்கில் நிற்பவை மூன்றுதான்: பிரான்மலை, நார்த்தாமலை, சிறுமலை.

மற்றவற்றை ஏன் கழித்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொடைக்கானல் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 200 கி.மீ. போகவர ஒன்பது மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். சுற்றுக்காட்டில் பெரும்பகுதி 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, அங்கே நாயை இறக்கவே கூடாது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். நாயின் வயிறு அதைத் தாங்காது. அழகர்மலையில் கோயில் கூட்டமும் குரங்குக் கூட்டமும். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி நடக்க அருமையான இடம். ஆனால் அது 2022இல் அறிவிக்கப்பட்ட தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். பாறை முகட்டில் கூடு கட்டும் வல்லூறுகளும் எறும்புத்தின்னியும் தேவாங்கும் உள்ள குன்றுகள் அவை. அங்கே நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை.

முதலில் மாதம்

எந்த மலை என்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மூன்றையும் 'மழைக்காலம்' என்று ஒரே பையில் போடக் கூடாது. காலாண்டு விடுமுறை விழும் புரட்டாசியில், பொன் உருகக் காய்ந்து மண் உருகப் பெய்யும் என்ற பழமொழி அப்படியே நடக்கும். பகலில் வெயில் கொளுத்தும், மாலையில் இடி மின்னலோடு மழை கொட்டும். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தில் இறங்கும். ஐப்பசியில் வெயில் குறைந்துவிடும், வழுக்கல் கூடிவிடும். கார்த்திகை பாதிக்குமேல் இரண்டு மூன்று நாள் மழை விட்டிருக்கும் இடைவெளிதான் நாய்க்கு ஏற்ற நாள். பாறை காய்ந்திருக்கும், காற்று குளிர்ந்திருக்கும்.

தீபாவளியை ஒட்டிய நாட்களில் வெடிச் சத்தத்திலிருந்து நாயைத் தப்பிக்க வைக்கலாம் என்று மலைக்குக் கிளம்புபவர்கள் உண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால் இரண்டு இரவு தூங்காமல் நடுங்கிய நாய், அடிவார ஊரில் ஒரு வெடி வெடித்தாலும் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடும். அந்த வாரத்தில் ஹார்னஸ் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்), கழுத்து பெல்ட் இரண்டையும் மாட்டி, பெல்ட்டில் கைபேசி எண் எழுதிய தகட்டையும் கோத்து விடுங்கள். (போகும் வழியில் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். நாய் வளர்ப்பவர்கள் பொறாமைப்பட வேண்டிய ஊர்தான், ஆனால் சரணாலயக் கரையில் நாயை இறக்கிவிடாதீர்கள்.)

எந்த நாய்

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து இரைப்பதுதான் அதன் குளிர்விப்பு. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அதுவும் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் மேகமூட்டமான புழுக்க நாளில், 'வெயிலே இல்லையே' என்று நினைக்கும்போதே நாய் விழுகிறது. பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களை இந்த மூன்று மலைக்கும் கூட்டிப் போகக் கூடாது. எடை கூடிய லேப்ரடாரை நார்த்தாமலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம்மூர் வேட்டை நாய் இனங்கள் இரண்டும் ஏறுவதற்குப் பிறந்த உடம்பு. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. முயலோ மயிலோ குறுக்கே ஓடினால், எஜமான் குரல் அவற்றின் காதில் விழாது. மயில் நாயின் வாயில் மாட்டினால் அது வெறும் வருத்தத்தோடு முடியாது, வனச் சட்டத்தில் பதில் சொல்ல வேண்டிய விஷயம். ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. வீட்டில் அது தெரியாமலே போயிருக்கும், மலையில் கூப்பிடும்போதுதான் தெரியும். வெள்ளைத் தோல் என்பதால் மூக்கு நுனியும் வெயிலில் வெந்துபோகும். நாட்டு நாய் இவை எல்லாவற்றையும்விடச் சமாளிக்கும்.

உள்ளங்கால்தான் பலர் மறந்துவிடும் சங்கதி. வீட்டுக்குள் வளவிலும் பட்டாலையிலும் ஆத்தங்குடிக் கல் தரைமேல் வளர்ந்த நாயின் உள்ளங்கால் குழந்தையின் கன்னம்போல் இருக்கும். அதைக் கருங்கல் பாறையில் இரண்டு மணி நேரம் நடத்தினால் தோல் உரிந்துவிடும். மலைக்குப் போகும் முன் மூன்று நான்கு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், கண்மாய்க் கரையில் சரளை மண்ணில் நடக்க வையுங்கள். இருபது நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை கூட்டுங்கள். முடிந்ததும் விரலிடுக்கைப் பாருங்கள். சீமைக்கருவேல முள் உள்ளே முறிந்து கிடந்தால் அன்று நொண்டாது, மூன்றாம் நாள் சீழ் வைத்துத்தான் நொண்டும்.

நார்த்தாமலை: முதல் தடவைக்கு

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சாலையில் 17 கி.மீ. காரைக்குடியிலிருந்து திருமயம் வழியாக மொத்தம் 60 கி.மீ. அளவில் வரும். சாலை நேர், வளைவுகள் இல்லை. வண்டியில் வாந்தி எடுக்கும் நாய்க்கு இதுவே தோதான வழி. மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை என்று ஒன்பது குன்றுகள் சேர்ந்தது நார்த்தாமலை. எதுவும் உயரமில்லை. ஐயா, அப்பத்தா கூட வந்தாலும் பாதி வரை ஏறி உட்கார்ந்து காற்று வாங்கலாம். ஆறு வயதுப் பிள்ளை முழுக்க ஏறும்.

சிக்கல் இரண்டு. மேலமலையில் உள்ள விஜயாலய சோழீச்சரமும் குடைவரைகளும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் விலங்கைக் கொண்டுவரக் கூடாது என்பது துறையின் 1959ஆம் ஆண்டு விதியிலேயே இருக்கிறது. 'சாதுவான நாய்தான்' என்று காவலரிடம் வாதாடுவதில் பொருளில்லை. பெரியவர்கள் இரண்டு பேராவது வர வேண்டும். ஒருவர் நாயோடு வளாகத்துக்கு வெளியே பாறைச் சரிவில் நிற்க, மற்றவர் பிள்ளைகளைக் கூட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இடம் மாறிக்கொள்ளலாம். இப்படிப் பிரிய மனமில்லை என்றால் நார்த்தாமலை உங்களுக்குச் சரிப்படாது. கோயிலைப் பார்க்காமல் அங்கே போய்வருவது கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவது மாதிரி.

இரண்டாவது சிக்கல் பாறை. நிழலே கிடையாது. வெறும் கருங்கல், காலை ஒன்பதரைக்கெல்லாம் சுடத் தொடங்கும், சாயங்காலம் காற்று குளிர்ந்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். புறங்கையைப் பாறையில் வைத்து ஏழு எண்ணுங்கள். எடுக்கத் தோன்றினால் நாய்க்கும் சுடும். காலை ஆறு மணிக்குப் பாறையில் கால் வைத்து, ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். 'மாலை நாலு மணிக்குப் போகலாம்' என்பது புரட்டாசியில் இரட்டைத் தவறு: பாறையும் சுடும், இடியும் வரும். மொட்டைப் பாறையில் நிற்கும்போது இடி கேட்டால் உடனே இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

மழைக்குப் பிறகு பாறையில் கறுப்பாக நீளக் கோடு கோடாக ஓடுவது வெறும் கறை அல்ல, பாசி. காய்ந்திருந்தால் கால் பிடிக்கும், நனைந்தால் எண்ணெய் தடவியது போல் வழுக்கும். வெளிறிய பாறையில் மட்டும் நடங்கள். நாய் நகத்தால் பிறாண்டிப் பிடிக்கப் பார்த்துச் சறுக்கும்போது, கயிறு பிடித்த பெரியவரையும் சேர்த்து இழுத்துவிடும். முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸ் அங்கேதான் உதவும். மேலே சுனைகள் நிறைந்திருக்கும். நாய் குடிக்கத் துடிக்கும், விடாதீர்கள். தேங்கிய நீரில் எலி, ஆடு, குரங்கு எல்லாவற்றின் சிறுநீரும் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். அந்த ஆண்டுக்கான தடுப்பூசி போட்டிருந்தாலும் கையோடு கொண்டுபோன தண்ணீர்தான்.

பிரான்மலை: ஏறிப் பழகிய நாய்க்கு

மலை ஏறினோம் என்ற நிறைவைத் தருவது இதுதான். திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பாரியின் பறம்பு மலை, சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம், மேலே தர்கா என்று ஒரே மலைக்கு மூன்று வரலாறு. நாயோடு போகிறவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வழி நெடுகப் பைரவர். வயிரவன்பட்டி நகரத்தார் கோயில்கள் ஒன்பதில் ஒன்று, திருப்பத்தூரில் யோக பைரவர். பைரவருக்கு வாகனம் நாய்தான். ஆனாலும் நம் வாகனத்தில் வந்த நாயை எந்தக் கோயிலுக்குள்ளும் விடமாட்டார்கள். மேலே தர்காவை ஒட்டியும் நாயைக் கொண்டுபோக வேண்டாம். தூரத்தில் நிறுத்திவிட்டு ஆள் மாற்றிப் போங்கள். வெள்ளிக்கிழமை, கிருத்திகை, பௌர்ணமி, தேய்பிறை அஷ்டமி நாட்களைத் தவிர்த்தால் கூட்டமும் குறைவு, முகச்சுளிப்பும் குறைவு.

பிள்ளைகளோடு ஏற ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். பத்து வயதுக்குக் கீழே என்றால் இன்னும் அரை மணி. கல்லும் வேரும் படியும் கலந்த பாதை, இடையிடையே செங்குத்து. நிழல் நார்த்தாமலையைவிட நிறைய உண்டு. அதனால் சூடு பிரச்சினையில்லை என்று நினைத்து எட்டு மணிக்குத் தொடங்குகிறவர்கள் இறங்கும்போது பதினொன்றரை வெயிலில் மாட்டுகிறார்கள். காரைக்குடியில் காலை நாலே முக்காலுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

முதல் தொந்தரவு மலையில் அல்ல, அடிவாரத் தெருவில். ஊர் நாய்கள் கூட்டமாக வரும். வண்டியைப் பாதை தொடங்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிறுத்த முடியுமோ நிறுத்தி, நாயைக் கடைசியில் இறக்குங்கள். கல்லைத் தூக்கினால் ஊர்க்காரர்களோடும் சண்டை வரும். உங்கள் நாயைக் கால் பக்கம் குறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காமல் நடந்தால், தெரு முடிந்ததும் அவை திரும்பிவிடும்.

அடுத்து குரங்கு. பிளாஸ்டிக் பை கையில் தொங்கினால் அது சாப்பாடு என்று எந்தக் கோயில் குரங்குக்கும் தெரியும். உணவு முதுகுப் பைக்குள் இருக்கட்டும். நாய் குரைத்தால் கடுவன் குரங்குகள் ஒதுங்காது, எதிர்த்து வரும். கடி ஆழமாக இருக்கும். அப்படிக் கடி வாங்கினால் பதினைந்து நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி முன்பே போட்டிருந்தாலும்கூட. கயிறைச் சிறுபிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். இருபது கிலோ நாய் குரங்கைப் பார்த்துத் தாவினால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் பாறையில் முகம் குப்புற விழும். இழுத்தால் நீளும் கயிறும் வேண்டாம். ஆறடி நைலான் கயிறு போதும்.

பாறையிடுக்கில் சுருட்டை விரியன் இருக்கலாம். சிறியது, இலைச் சருகின் நிறம், நாய் மூக்கை நுழைக்கும் இடத்தில்தான் படுத்திருக்கும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு இறங்குவதே முதலுதவி. இங்கேதான் பிரான்மலையின் முக்கியமான கணக்கு வருகிறது: உங்கள் வீட்டில் இருவர் சேர்ந்து அந்த நாயை ஒரு மணி நேரம் சுமக்க முடியுமா? எட்டு முழ வேட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாக மடித்து, நடுவில் நாயைப் படுக்க வைத்து, இரு முனையிலும் முடிச்சிட்டுத் தூக்கினால் 25 கிலோ வரை இருவர் இறக்கிவிடலாம். அதற்கு மேல் எடையுள்ள நாய் என்றால் மூன்றாவது ஆள் வேண்டும், இல்லையேல் பிரான்மலை வேண்டாம். எந்தக் கால்நடை மருத்துவமனையில் பாம்புக்கடி மருந்து இருக்கிறது என்று முதல் நாளே போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் மாடு, ஆடுகளுக்காக ஓடுவது. நாய்க்கு அதையே நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

மேலே தண்ணீர் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர், 20 கிலோ நாய்க்கு இரண்டு லிட்டர். நால்வர் குடும்பத்துக்கு மொத்தம் எட்டு லிட்டர், அதாவது எட்டு கிலோ சுமை. ஒரே பையில் வைக்காதீர்கள். நாய்க்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் அளவு கொடுங்கள். ஒரேயடியாக அரை லிட்டர் குடித்தால் கக்கிவிடும்.

நாய்க்குச் சாப்பாடு ஏறுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால், வழக்கத்தில் பாதி. ராஜபாளையம்போல் நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு நிறைந்த நிலையில் ஓட்டமும் குதியும் இருந்தால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும். அப்படி ஆனால் அறுவை செய்தால்தான் பிழைக்கும். இறங்கி ஒரு மணி நேரம் கழித்து மீதிப் பாதி. நம் கட்டுச்சோற்றைப் பங்கு போடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், உலர்திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கும், கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். உப்பில்லாத சோறும் வேகவைத்த முட்டையும் ஒரு டப்பாவில் தனியாக வையுங்கள்.

சிறுமலை: குளிர் உண்டு, சுதந்திரம் இல்லை

சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் போகும் சாலையில், ஊரைத் தொடுமுன்பே பிரிவு வரும். காரைக்குடியிலிருந்து நூறு கி.மீ.க்கு மேல், பிறகு 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஊர் மட்டத்தில் கீழேயுள்ளதைவிட ஐந்தாறு டிகிரி குறைவு. மிளகுக் கொடி, காப்பித் தோட்டம், வாழை. குளிர் ஒன்றையே பார்த்தால் நாய்க்கு மூன்றிலும் இதுதான் சுகம்.

ஆனால் எங்கே நடத்துவது? காட்டுப் பகுதி காப்புக்காடு. அங்கே காட்டுமாடு உண்டு. நாய் குரைத்தால் அது விரட்டும், நாய் உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே எண்ணூறு கிலோவும் வரும். இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்தில் முயல் வேட்டைக்கு நாய் பழக்கிய வழக்கம் இருந்தது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். காப்புக்காட்டுக்குள் சிப்பிப்பாறையோடு நிற்பவரை வனக் காவலர் உல்லாசப் பயணி என்று எடுத்த எடுப்பில் நம்பமாட்டார். சோதனைச் சாவடியில் வண்டியில் நாய் இருப்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை நாயோடு நினைக்கவே வேண்டாம்.

ஆகவே சிறுமலை ஒரு விதத்தில்தான் சரிப்படும்: தெரிந்தவர் தோட்டமோ, நாயை அனுமதிக்கும் தோட்ட வீடோ கிடைத்து, அந்த எல்லைக்குள் நடப்பது. முன்கூட்டிக் கேட்க வேண்டியவை: காட்டுமாட்டுக்கு மின்வேலி போட்டிருக்கிறார்களா, அந்த வாரம் மருந்து அடித்திருக்கிறார்களா, தோட்டத்து நாய்கள் கட்டியிருக்குமா. ஈர நிழல் என்பதால் உண்ணி இங்கே மிக அதிகம். உண்ணி மாத்திரையோ கழுத்தில் விடும் மருந்தோ இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்திருக்க வேண்டும். வளைவு ஏறும் முன் நாயின் வயிறு காலியாக இருக்கட்டும், ஆறு வளைவுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். எச்சில் ஒழுகுவதும் அடிக்கடி உதட்டை நக்குவதும் வாந்திக்கு முன்னறிவிப்பு. வாடகை வண்டி என்றால் நாய் வரும் என்று பேசும்போதே சொல்லி, பின் இருக்கைக்குப் பழைய ஜமுக்காளம் ஒன்றை எடுத்துப் போங்கள்.

எதைத் தேர்வது

நாய்க்கு இது முதல் மலை, அல்லது வீட்டில் பெரியவர்களும் சிறு பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் நார்த்தாமலை. பெரியவர் இருவர் கையில் பலம் இருக்கிறது, நாய் 25 கிலோவுக்குள், ஒரு மாதம் கண்மாய்க் கரையில் நடந்திருக்கிறது, பிள்ளைகளுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது என்றால் தயங்காமல் பிரான்மலை. தோட்டம் உறுதியானால் மட்டும் சிறுமலை. இல்லையென்றால் நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மனிதர்கள் மட்டும் போய்வருவதே நல்லது. சுமந்து பார்க்க மனமில்லாத மலைக்கு நாயை இழுத்துப் போவதைவிட அதற்கு அது சுகமான நாள்.

பிரான்மலைக்கும் சிறுமலைக்கும் சிங்கம்புணரி வழியாகத்தான் போகிறோம் என்பதால், சிங்கம்புணரியில் டீக்கடையில் நிறுத்தி வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். கிழக்கே மேகம் திரண்டு காற்று நின்றுபோயிருந்தால் இரண்டும் வேண்டாம். திரும்பி வந்து ஊர்க் கண்மாய்க் கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிடுங்கள். நாய்க்கு மலைக்கும் கரைக்கும் வித்தியாசம் தெரியாது.

நடையில் நாய் நிழலில் படுத்து எழ மறுத்தால், ஈறு செங்கல் நிறமாகச் சிவந்தால், நடை தள்ளாடினால் அது சூட்டுத் தாக்கு. வயிறு, தொடையிடுக்கு, பாதம் மூன்றிலும் தண்ணீர் ஊற்றித் துண்டால் விசிறுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி விட்டால் சூடு உள்ளேயே அடைபடும், அது வேண்டாம். நிறுத்திய வண்டிக்குள் நாயைத் தனியே விடுவது மேகமூட்டத்திலும் கூடாது. வீடு வந்ததும் காதுமடல், கக்கம், விரலிடுக்கு, பெல்ட்டுக்கு அடியில் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் நெருப்பால் சுடுவதும் வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு வந்தால் 'மலைக்குப் போய் வந்தோம்' என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர் எடுக்கும் இரத்தச் சோதனையே வேறாக இருக்கும்.